பதின்மூன்று பாடல்களில் பத்து ஆண்டுகள்: நடன இசையில் ஹிட்ஸ் தொகுப்பு என்றால் என்ன?

1992-ஆம் ஆண்டு. மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் வரலாறு படிக்கும்போது நண்பர்களான இரண்டு இளைஞர்கள், வீட்டு ஸ்டீரியோ பெட்டி ஒன்று, கணினி, சாம்பிளர் (பதிவான ஒலித்துண்டுகளை எடுத்து மறுபடி ஒலிக்கவைக்கும் கருவி), கீபோர்டு ஆகியவற்றை வைத்துக்கொண்டு ஒரு பாடலை உருவாக்கினார்கள். தாங்களே 500 பிரதிகள் அச்சடித்து, லண்டனில் நடன இசைத்தட்டுகள் விற்கும் கடைகளுக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். கடைக்காரர்கள் வேண்டாம் என்றார்கள். பாட்டு மெதுவாக இருக்கிறதாம். நிமிடத்துக்கு 111 தாள அடிதான்.

அந்த இருவர் டாம் ரோலண்ட்ஸ், எட் சைமன்ஸ். பின்னாளில் 'தி கெமிக்கல் பிரதர்ஸ்' என்று உலகம் அறிந்த இரட்டையர். கடைகள் மறுத்த பாடல் 'சாங் டு த சைரன்'. 2003 செப்டம்பரில் இவர்களுடைய ஹிட்ஸ் தொகுப்பு 'சிங்கிள்ஸ் 93–03' வெளிவந்தபோது, அதில் முதல் பாடலாக அமர்ந்திருந்தது அதுவேதான்.

மின்னணு நடன இசையை இதுவரை கேட்காதவர்கள் என்னிடம் எங்கிருந்து தொடங்கலாம் என்று கேட்டால், இந்தத் தட்டைத்தான் கையில் கொடுப்பேன். ஏன் என்று சொல்வதற்கு முன், ஹிட்ஸ் தொகுப்பு என்பது என்ன, நடன இசையில் அது ஏன் கொஞ்சம் விசித்திரமான பொருள் என்பதைப் பார்த்துவிடலாம்.

தமிழில் பாட்டுக் கேட்டு வளர்ந்தவர்களுக்குத் திரைப்படம்தான் அளவுகோல். ஒரு படம் வரும், அதன் ஐந்தாறு பாடல்கள் ஒன்றாக வரும். பிரிட்டனில் நெடுங்காலம் நடைமுறை வேறாக இருந்தது. ஒரு பாடலை முதன்மையாக வைத்துத் தனித்தட்டாக வெளியிடுவார்கள், அதற்குப் பெயர் சிங்கிள். அந்தத் தட்டின் மறுபக்கத்தில், அதாவது பி பக்கத்தில், அவ்வளவு முக்கியமில்லாத இன்னொரு பாடலோ முதன்மைப் பாடலின் வேறொரு வடிவமோ இருக்கும். ஒவ்வொரு வாரமும் எந்த சிங்கிள் எவ்வளவு விற்றது என்று கணக்கெடுத்துத் தரவரிசை போடுவார்கள். பத்துப் பன்னிரண்டு பாடல்கள் சேர்ந்த முழுத்தட்டு ஆல்பம். சில ஆண்டுகள் போனபின், ஆல்பங்களில் சிதறிக் கிடக்கும் வெற்றி பெற்ற சிங்கிள்களை எல்லாம் பொறுக்கி ஒரே தட்டில் சேர்த்துப் போட்டால் அது ஹிட்ஸ் தொகுப்பு. பாடல்கள் ஏற்கெனவே பதிவானவை என்பதால் நிறுவனத்துக்குச் செலவு குறைவு. நான்கு ஆல்பம் வாங்காமல் ஒன்று வாங்கினால் போதும் என்பதால் புதிய ரசிகருக்கு லாபம். எல்லாம் ஏற்கெனவே வைத்திருக்கும் பழைய ரசிகரையும் கடைக்கு இழுக்க வேண்டுமே, அதற்காக ஓரிரு புதிய பாடல்களைக் கடைசியில் சேர்ப்பார்கள். பாப் பாடகருக்கும் ராக் குழுவுக்கும் இந்த முறை இயல்பாகப் பொருந்துகிறது.

நடன இசைக்கு அவ்வளவு எளிதாகப் பொருந்துவதில்லை. காரணம், அந்தப் பாடல் பிறக்கும்போதே அதைக் கேட்கப்போகும் முதல் ஆள் டிஜே.

கிளப்பில் டிஜே முன்னால் இரண்டு சுழல்மேசைகள், அதாவது இசைத்தட்டைச் சுழற்றும் கருவிகள், இருக்கும். ஒன்றில் ஒரு பாடல் ஓடிக்கொண்டிருக்கும்போதே, மற்றதில் அடுத்த பாடலைக் காதில் மட்டும் கேட்டு, அதன் வேகத்தை முதல் பாடலின் வேகத்தோடு ஒத்துப்போகச் செய்து, ஆட்டம் நிற்காமல் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குக் கடத்துவார். அதனால் நடனப் பாடலின் தொடக்கத்திலும் முடிவிலும் வெறும் தாளம் மட்டும் நீண்ட நேரம் ஓடும். வீட்டில் கேட்பவருக்கு அது வீணாகத் தோன்றலாம். டிஜேவுக்கு அதுதான் கைப்பிடி, அதைப் பிடித்துத்தான் பாடலைத் தூக்கி வைக்கிறார்.

அந்தக் கடைக்காரர்களின் மறுப்பும் இங்கேதான் விளங்குகிறது. கிளப்புகளில் பரவலாக இருந்த டெக்னிக்ஸ் சுழல்மேசையில் வேகத்தை 8 சதவீதம் ஏற்றலாம், 8 சதவீதம் இறக்கலாம். 111-ஐ 8 சதவீதம் ஏற்றினால் ஏறக்குறைய 120. கிளப்பில் 125 அடியில் ஒரு பாடல் ஓடுகிறது என்றால், அதை முழுக்க இறக்கினாலும் 115-க்குக் கீழே வராது. 111-ஐத் தொடவே முடியாது. எங்கோ நடுவில், இரண்டு பாடலும் தத்தம் இயல்பை இழந்துதான் சந்திக்க வேண்டும். ரசனைக் குறைவால் மட்டும் கடைக்காரர்கள் வேண்டாம் என்று சொல்லவில்லை என்றே நினைக்கிறேன். அவர்கள் விற்ற சரக்கு ஒருவகையில் கருவி. இந்தக் கருவி அந்த இயந்திரத்தில் சரியாகப் பொருந்தவில்லை.

ஆனால் ஆண்ட்ரூ வெதரால் என்ற டிஜேவுக்கு அது பிடித்துப்போனது. தன் நிகழ்ச்சிகளில் போட்டார். அதன்பின் ஜூனியர் பாய்ஸ் ஓன் என்ற நிறுவனம் 1993-இல் அதை முறையாக வெளியிட்டது. தொகுப்பின் பெயரில் இருக்கும் '93' அந்த ஆண்டுதான். அன்று தட்டின் மேல் அச்சாகியிருந்த பெயர் வேறு, 'தி டஸ்ட் பிரதர்ஸ்'. அமெரிக்காவில் அதே பெயரில் புகழ்பெற்ற இசைத் தயாரிப்பாளர்கள் இருந்தார்கள், அவர்கள்மேல் கொண்ட மதிப்பால் இவர்கள் அந்தப் பெயரை எடுத்துக்கொண்டார்கள். சட்டச் சிக்கல் வரும் என்றானதும் 1995-இல் மாற்றிக்கொண்டார்கள். புதுப்பெயர் தொகுப்பின் இரண்டாவது பாடலான 'கெமிக்கல் பீட்ஸ்' என்பதிலிருந்து வந்தது. ஆக, முதல் இரண்டு பாடல்களும் இந்த இரட்டையர் இன்னும் கெமிக்கல் பிரதர்ஸ் ஆகாத காலத்தவை.

'கெமிக்கல் பீட்ஸ்' பாடலில் ஒரு ஒலி வரும். ஈரத்துணியை முறுக்கிப் பிழிவதுபோல் நெளிந்து, கீச்சிட்டு, மறுபடி அடங்கும் ஒலி. ரோலண்ட் நிறுவனத்தின் டிபி-303 என்ற சிறிய பெட்டியின் குரல் அது. 1980-களின் தொடக்கத்தில், துணைக்கு ஆள் இல்லாமல் தனியாகப் பயிற்சி செய்யும் கிட்டார் கலைஞர்களுக்கு பேஸ் கிட்டார் வாசித்துக் கொடுப்பதற்காகச் செய்த கருவி. உண்மையான பேஸ் கிட்டார்போல் அது ஒலிக்கவே இல்லை. விற்பனை படுத்துவிட்டது, தயாரிப்பையே நிறுத்திவிட்டார்கள். பழைய சாமான் விலைக்கு வந்த அந்தப் பெட்டியை சிகாகோ நகரத்து இளைஞர்கள் வாங்கி, அதன் திருகுகளைப் பாட்டு ஓடும்போதே திருப்பித் திருப்பி ஒரு புதிய இசைவகையை உண்டாக்கினார்கள். ஆசிட் ஹவுஸ் என்று அதற்குப் பெயர் வந்தது. டாமும் எட்டும் அந்த நெளியும் ஒலியை ஹிப்-ஹாப் பாணியில் திமிறும் டிரம் அடிகளோடு மோதவிட்டார்கள். பிரிட்டிஷ் பத்திரிகைகள் 'பிக் பீட்' என்று பின்னால் பெயர் சூட்டிய பாணிக்கு இந்தப் பாடலை ஒரு தொடக்கப்புள்ளியாகச் சொல்வதுண்டு.

1994-இல் லண்டன் கிரேட் போர்ட்லண்ட் சாலையில், ஆல்பனி என்ற மதுக்கூடத்தின் நிலவறையில் ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் இவர்கள் இசை போட்டார்கள். இடம் சின்னது. வந்து கேட்டவர்களில் ராக் இசைக்காரர்கள் பலர். இதை ஏன் சொல்கிறேன் என்றால், தொகுப்பின் நான்காவது பாடலின் கதவு இங்கே திறக்கிறது. அந்தக் கூட்டத்தில் ஒருவராக இருந்த, ஒயேசிஸ் குழுவின் நோயல் கேலகர், 'செட்டிங் சன்' பாடலில் பாடினார். 1996-இல் அது பிரிட்டன் தரவரிசையில் முதலிடம் பிடித்தது. பாப் கேட்கும் வானொலி நேயர்கள் வழக்கமாக எதிர்பார்க்கும் இனிமை அதில் துளியும் இல்லை. டிரம்கள் இடித்துத் தள்ளுகின்றன, சைரன்போல் ஒரு ஒலி தலைக்குமேல் சுற்றுகிறது, பாடகரின் குரல் அதற்குள் புதைந்து கிடக்கிறது. இப்படி ஒரு பாடல் முதலிடத்துக்கு வந்ததை இன்றும் வியப்போடுதான் நினைத்துக்கொள்கிறேன்.

இரட்டையரில் யாரும் முன்னால் நின்று பாடுபவர் இல்லை. ஆகவே குரல் தேவைப்படும்போது வெளியாளைத்தான் அழைக்க வேண்டும். 'லெட் ஃபாரெவர் பி' பாடலில் மறுபடி கேலகர், 'அவுட் ஆஃப் கண்ட்ரோல்' பாடலில் நியூ ஆர்டர் குழுவின் பெர்னார்ட் சம்னர், 'தி டெஸ்ட்' பாடலில் தி வெர்வ் குழுவில் பாடிய ரிச்சர்ட் ஆஷ்கிராஃப்ட். ஒரு ராக் குழுவின் ஹிட்ஸ் தொகுப்பில் ஒரே குரல் தொடக்கம் முதல் கடைசிவரை கூடவே வந்து பாடல்களைக் கட்டிப்பிடித்திருக்கும். இங்கே அந்த வேலையை டிரம் ஒலிதான் செய்கிறது. பாடுபவர் மாறுகிறார், தோல் கிழியும்படி விழும் அந்த அடி மாறுவதில்லை. முதல்முறை கேட்பவர்கள் குரலைப் பின்தொடராமல் டிரம்மைப் பின்தொடர்ந்து பாருங்கள். பதின்மூன்று பாடலும் ஒரே இரண்டு பேருடைய கைவேலை என்பது தானாகவே தெரியும்.

ஐந்தாவது பாடல் 'பிளாக் ராக்கின் பீட்ஸ்', 1997-இல் இதுவும் முதலிடம். அமெரிக்காவில் இதற்கு கிராமி விருது கிடைத்தது. எந்தப் பிரிவில் தெரியுமா? ராக் வாத்திய இசை. ஆறாவது 'தி பிரைவேட் சைக்கடெலிக் ரீல்', ஆல்பத்தில் ஒன்பது நிமிடத்துக்கு மேல் ஓடும் மாபெரும் சுழல். சித்தார் ஒலியில் தொடங்கி, மெர்க்குரி ரெவ் குழுவின் ஜோனதன் டொனஹியு வாசித்த கிளாரினெட்டையும் உள்வாங்கிக்கொண்டு, மேலே மேலே ஏறிக்கொண்டே போகும். நடன இசையில் 'ஏற்றம்' என்றால் என்ன என்று ஒருவருக்குக் காட்ட வேண்டுமானால் இதைத்தான் போடுவேன்.

அந்த ஏற்றத்தைக் கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்க்கலாம். நிமிடத்துக்கு 120 அடி என்றால் ஒரு அடிக்கு அரை நொடி. நான்கு அடி ஒரு சுற்று, இரண்டு நொடி. எட்டுச் சுற்று பதினாறு நொடி. பெரும்பாலான நடனப் பாடல்களில் எதுவும் இந்த எட்டுச் சுற்றின் விளிம்பில்தான் மாறும். புதிதாக ஒரு ஒலி சேரும், அல்லது இருந்த ஒன்று விலகும். ஆடுபவரின் உடம்பு சில நிமிடங்களிலேயே இந்தக் கணக்கைக் கற்றுக்கொண்டுவிடுகிறது. அடுத்த மாற்றம் எப்போது என்று கால் எதிர்பார்க்கத் தொடங்குகிறது. பிறகு டிரம்மைச் சட்டென்று எடுத்துவிடுவார்கள். மிதப்பதுபோல் இருக்கும். ஏதோ ஒரு ஒலி மெல்ல மெல்லக் கூர்மையாகும். கூட்டம் காத்திருக்கும். சரியாகச் சுற்று முடியும் இடத்தில் டிரம் திரும்பி விழும். ஏழாவது பாடலான 'ஹே பாய் ஹே கேர்ள்' (1999, நிமிடத்துக்குச் சுமார் 127 அடி) இந்த உத்தியை அப்பட்டமாகக் காட்டுகிறது. பழைய ஹிப்-ஹாப் தட்டு ஒன்றிலிருந்து வெட்டியெடுத்த ஓர் ஆண்குரல் கூட்டத்தைப் பார்த்துக் கூவி அழைக்கிறது, அழைத்து முடித்த கணத்தில் அடி இறங்குகிறது. இதற்குமேல் இதை விளக்க வேண்டியதில்லை. ஒருமுறை கேட்டால் உடம்புக்கே புரியும்.

இங்கே ஒரு குறையையும் பேசியாக வேண்டும். வானொலிக்கு மூன்றரை, நான்கு நிமிடம் போதும். ஆகவே சிங்கிளாக வரும்போது டிஜேவின் கைப்பிடியை வெட்டிவிடுவார்கள், ஏற்றத்தையும் சுருக்குவார்கள். ஹிட்ஸ் தொகுப்பில் எந்த வடிவத்தைச் சேர்ப்பது என்பது எப்போதுமே சங்கடமான முடிவு. நீண்ட வடிவத்தைச் சேர்த்தால் தட்டு நிரம்பிவிடும். குறுகிய வடிவத்தைச் சேர்த்தால் காத்திருப்பு குறையும், காத்திருப்பு குறைந்தால் அடி விழும்போது வரும் பரவசமும் குறையும். ஆல்பத்தில் ஒரு பாடல் அடுத்ததற்குள் கலந்து ஓடுவதும் தொகுப்பில் அறுபட்டுப்போகும். கெமிக்கல் பிரதர்ஸின் ஆல்பங்களில் இந்தக் கலப்பு மிக அழகாக இருக்கும். ஆகவே தொகுப்பைக் கேட்டதோடு நிறுத்தாமல் 1997-இன் 'டிக் யுவர் ஓன் ஹோல்' ஆல்பத்தை ஒருமுறையாவது இடைவெளி விடாமல் கேட்க வேண்டும் என்பேன்.

புதிதாகக் கேட்பவர்கள் எல்லோரும் சொல்லும் குறை ஒன்று உண்டு. 'அரைத்த மாவையே அரைக்கிறார்களே.' இதற்கான விடை பத்தாவது பாடலில் இருக்கிறது. 'ஸ்டார் கிட்டார்', 2002. ஒரு பெண்குரல் ஓரிரு வரியைத் திரும்பத் திரும்பச் சொல்கிறது, அவ்வளவுதான் சொற்கள். இதற்குப் பிரெஞ்சு இயக்குநர் மிஷெல் கோந்திரி எடுத்த காணொளியில் ஆளே இல்லை. ஓடும் ரயிலின் ஜன்னல் மட்டும். பிரான்ஸின் தெற்கே நீமுக்கும் வாலன்ஸுக்கும் இடையிலான பாதையில் பகலின் வெவ்வேறு வேளைகளில் பலமுறை பயணம் செய்து படம்பிடித்தார்கள். பார்க்கத் தொடங்கும்போது சாதாரண ரயில் பயணம்தான். கொஞ்ச நேரத்தில் கண் விழித்துக்கொள்ளும். ஒவ்வொரு அடிக்கும் ஒரு கம்பம் கடக்கிறது. ஒரு ஒலி வரும்போதெல்லாம் அதே வகைக் கட்டடம் வருகிறது. எதிரே வரும் ரயில் ஒரு நீண்ட ஒலியாக உரசிப் போகிறது. எந்த ஒலிக்கு எந்தப் பொருள், எவ்வளவு இடைவெளியில் என்று திட்டமிட, கோந்திரி ஆரஞ்சுப் பழங்களையும் புத்தகங்களையும் காலணிகளையும் வரிசையாக அடுக்கிப் பார்த்தாராம்.

ஜன்னலோரம் உட்கார்ந்து போகும்போது கம்பங்கள் ஒரே சீராகத்தான் கடக்கின்றன. அதைக் கண்டு யாரும் சலிப்பதில்லை. கம்பம் மாறாமல் இருப்பதால்தான் அதற்குப் பின்னால் வெளிச்சம் மாறுவதும், வயல் முடிந்து ஊர் தொடங்குவதும் கண்ணில் படுகின்றன. நடன இசையில் திரும்பத் திரும்ப வரும் அடி செய்யும் வேலை இதுதான். நான் பலருக்கு இந்த இசையை அறிமுகப்படுத்தியிருக்கிறேன். வாய்ச்சொல்லால் எத்தனை விளக்கியும் புரியாதவர்களுக்கு இந்த நான்கு நிமிடக் காணொளி விளங்க வைத்திருக்கிறது.

கடைசி இரண்டும் தொகுப்புக்காகவே வந்த புதிய பாடல்கள். 'கெட் யுவர்செல்ஃப் ஹை' பாடலில் கனடா நாட்டு ராப் கலைஞர் கே-ஓஎஸ், 'தி கோல்டன் பாத்' பாடலில் அமெரிக்காவின் ஃபிளேமிங் லிப்ஸ் குழு. இப்படிக் கடைசியில் ஒட்டவைக்கும் பாடல்கள் பெரும்பாலும் ஒப்புக்குத்தான் இருக்கும். 'தி கோல்டன் பாத்' அப்படியல்ல, இறந்தபின் நடப்பதை ஒருவர் நிதானமாகக் கதைபோல் சொல்லிக்கொண்டே போக, பின்னால் தாளம் விடாமல் ஓடுகிறது.

எல்லா சிங்கிள்களும் உள்ளே வந்துவிடவில்லை. 'லைஃப் இஸ் ஸ்வீட்', 'எலெக்ட்ரோபேங்க்' இரண்டும் இந்தப் பதின்மூன்றில் இல்லை. 'ஹிட்ஸ்' என்ற சொல் விற்பனைக் கணக்கைச் சொல்வதுபோல் தோன்றினாலும், தங்கள் கதையை எப்படிச் சொல்ல விரும்புகிறார்கள் என்ற தேர்வும் அதில் உண்டு. பாடல்கள் வெளிவந்த ஆண்டு வரிசையிலேயே அடுக்கப்பட்டிருப்பது இந்தத் தட்டின் பெரும்பலம். முதல் பாடலில் அறைக்குள் அடைபட்டதுபோன்ற முரட்டு ஒலி, பத்தாவது பாடலுக்குள் எவ்வளவு விரிந்துவிட்டது என்பதை ஒரே அமர்வில் கேட்டுவிடலாம்.

மற்ற இரட்டையர்கள் வேறு வழிகளில் போயிருக்கிறார்கள். பாரிஸின் டாஃப்ட் பங்க் 2006-இல் வெளியிட்ட 'மியூசிக் வால்யூம் 1' தொகுப்பின் தலைப்புப் பாடல், 'டா ஃபங்க்' சிங்கிளின் பி பக்கத்தில் கிடந்தது. பிற கலைஞர்களின் பாடல்களைத் தாங்கள் மாற்றியமைத்த வடிவங்களையும் அவர்கள் அதில் சேர்த்தார்கள். கெமிக்கல் பிரதர்ஸே 2008-இல் 'பிரதர்ஹுட்' என்று இரண்டாவது தொகுப்பு போட்டார்கள். அதில் கால வரிசை இல்லை. ஆனால் அதன் சிறப்புப் பதிப்பில் இரண்டாவது தட்டு ஒன்று இருந்தது, எனக்கு அதன்மேல் தனிப் பிரியம். 'எலெக்ட்ரானிக் பேட்டில் வெப்பன்' என்ற வரிசையில் ஒன்று முதல் பத்து வரை. பாடலை வெளியிடுவதற்கு முன், பெயர்கூட வைக்காமல் எண் மட்டும் போட்டு டிஜேக்களிடம் கொடுத்து, நள்ளிரவு ஆட்டக்கூட்டத்தில் எடுபடுகிறதா என்று சோதித்துப் பார்த்த தட்டுகள் அவை. ஐந்தாம் எண்ணைப் பெற்றது பின்னால் 'இட் பிகேன் இன் ஆஃப்ரிகா' என்ற பெயரோடு கடைக்கு வந்தது.

கேட்கத் தொடங்குபவர்களுக்கு என் யோசனை இது. 'சிங்கிள்ஸ் 93–03' தட்டில் பத்தாவது பாடலை முதலில் கேளுங்கள், முடிந்தால் காணொளியோடு. பிறகு முதல் பாடலுக்குத் திரும்பி வரிசையாக வாருங்கள். கைபேசியின் ஸ்பீக்கரில் வேண்டாம், அடித்தள ஒலி அதில் காணாமல் போய்விடும். நல்ல ஹெட்போன் போதும். 'சாங் டு த சைரன்' ஓடும்போது ஒரு நிமிடம் விரலால் மேசையில் அடியை எண்ணிப் பாருங்கள். 111 வரும்.